அக்காவைப் பற்றி நான் எழுதிய பதிவு

சோஹாரில் எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்து ஏ.சி. பெட்டிகள் மட்டும்தான் தெரியும். கல்யாணமாகி ஓமனுக்குப் போன புதிதில் அதைப் பற்றித்தான் முதலில் எழுதினேன். கணவர் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பாலையில் இருந்தவர், அங்கேயும் இரும்பாலைதான். ஷிப்ட் முடித்து வந்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். எனக்குப் பேச ஆளில்லை. லேப்டாப்பில் தமிழ் அடிக்கப் பழகிக்கொண்டு ஒரு வலைப்பதிவு ஆரம்பித்தேன்.

எழுதிப் போட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். அது தினமும் வேலை வாங்கியது. எழுத்து சிறியதாகத் தெரிகிறது என்று யாராவது சொல்வார்கள், அதைப் பெரிதாக்கினால் படம் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். கண்ட கண்ட விளம்பரக் குப்பை பின்னூட்டமாக வந்து விழும், உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும். காலையில் டீ போடும் முன்பே எத்தனை பேர் படித்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். பத்துப் பேர் என்றால் அன்று முழுக்க முகம் வாடிவிடும். ஐம்பது என்றால் கணவருக்கு நல்ல சாப்பாடு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு பதிவு என்று கணக்கு வைத்திருந்தேன்.

இரண்டு வருஷத்தில் சோஹாரைப் பற்றி எழுத ஒன்றும் மிச்சமில்லை. நான் அங்கே எதையும் பார்க்கவில்லை என்பதே உண்மை. வாரம் ஒருமுறை சூப்பர் மார்க்கெட், எப்போதாவது கடற்கரை. அதனால் ஊரை எடுத்து எழுத ஆரம்பித்தேன். கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெரு, நைனா, அதாவது அப்பா, கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவது, அம்மா எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அம்மாவிடம் பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகச் சண்டை போடுவது. இதையெல்லாம் ஆட்கள் விரும்பிப் படித்தார்கள். மேற்கொண்டு விஷயம் வேண்டியிருந்தது. வியாழக்கிழமைதோறும் அம்மாவுக்கும் அக்காவுக்கும் போன் போட ஆரம்பித்தேன். அவர்கள் என் பாசத்தை நினைத்துப் பூரித்துப் போனார்கள். நான் பக்கத்தில் நோட்டு வைத்துக்கொண்டு பேசினேன்.

அக்காவுக்குத்தான் முதலில் புரிந்தது. "நீ போன் பண்ணாலே இன்டர்வியூ எடுக்கற மாதிரி கீதுடி. நீ எப்டி கீற, அதச் சொல்லு மொதல்ல" என்றாள். நான் சிரித்து மழுப்பினேன்.

அக்கா என்னைவிட ஏழு வயது பெரியவள். கடம்பத்தூரில் கட்டிக்கொடுத்தோம். மாமாவுக்கு அங்கே நெல் நிலமும் ஓர் உரக்கடையும் உண்டு. அக்கா திருவள்ளூர் கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறாள். காலையில் மாமா பைக்கில் கொண்டுவந்து கடம்பத்தூர் ஸ்டேஷனில் விடுவார், எலெக்ட்ரிக் ட்ரெயினில் திருவள்ளூர் போவாள். வக்கீல் குமாஸ்தாக்கள் எழுதிக்கொடுக்கும் மனு, வாக்குமூலம், பாகப்பிரிவினை, விவாகரத்து எல்லாம் அவள் கையால் டைப் ஆகிப் போகும்.

அந்த மூன்றாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமைக்கு எழுத எதுவும் கிடைக்கவில்லை. அப்போதுதான் அக்காவின் சூலூர்ப்பேட்டை விஷயத்தை எடுத்தேன்.

விஷயம் இதுதான். கல்யாணத்துக்கு முன்பு அக்கா சிப்காட்டில் ஒரு கான்ட்ராக்டர் ஆபீசில் டைப்பிஸ்ட்டாக இருந்தாள். அங்கே கிரேன் ஓட்டிய, ஆந்திராவில் சூலூர்ப்பேட்டைப் பக்கத்து ஆள் ஒருவரோடு அவளுக்குப் பழக்கம். வீட்டில் கடம்பத்தூர் மாப்பிள்ளையை நிச்சயம் செய்துவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, தோழிகளுக்குப் பத்திரிகை வைக்கப் போவதாகச் சொல்லிவிட்டு அக்கா ரயிலேறி சூலூர்ப்பேட்டைக்குப் போனாள். அந்த ஆளோடு போய்விடுவதாகத் திட்டம். ஆனால் அன்றே திரும்பி வந்துவிட்டாள். மறுநாள் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கத் தையற்கடைக்கு நடந்து போகும்போது, பத்தாவது படித்துக்கொண்டிருந்த என்னிடம் மட்டும் சொன்னாள். "நேத்து சூலூர்ப்பேட்ட போய்ட்டு வந்துட்டேன்டி. ஒரே அழுகை. அவ்ளோதான், முடிஞ்சிடுச்சி. யார்கிட்டயும் சொல்லாத." அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பதிவு எழுத இது போதவில்லை. மிச்சத்தை நானே எழுதினேன். அந்த ஆள் வரவில்லை என்று வைத்தேன். ஒரு பெண் பிளாட்பாரத்தில் மூன்று ரயிலை விட்டுவிட்டுக் காத்திருக்கிறாள், மழை வேறு பிடித்துக்கொள்கிறது, கடைசியில் அழுதுகொண்டே திரும்புகிறாள். 'அக்கா' என்பதை 'பக்கத்து வீட்டு அக்கா' என்று மாற்றினேன். அதுவே பெரிய நாகரிகம் என்று அன்றைக்கு நினைத்தேன். ஆனால் ஒரு விவரத்தை விட மனசு வரவில்லை. அக்கா ஏதாவது யோசிக்கும்போது அவள் விரல்கள் தொடைமேல் டைப் அடிக்கும். மனசுக்குள் ஓடும் வார்த்தையை அப்படியே அடிப்பாள். பிளாட்பாரத்துப் பெண்ணின் மடிமேலும் அந்த விரல்களை வைத்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே தெரிந்தது.

அதற்கு முன் எதற்கும் வராத கூட்டம் வந்தது. பின்னூட்டங்களை அனுமதித்து மாளவில்லை. யாரோ முழுசாக எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். என் பெயரோ பதிவின் முகவரியோ அதில் இல்லை என்று எனக்குக் கோபம் வந்தது. என் கவலை எல்லாம் அதுதான்.

மூன்றாம் வாரம், காலையில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டாள். வழக்கமாக நான்தான் கூப்பிடுவேன்.

"நீதான் எழுதினியா?" என்றாள்.

கையிலிருந்த துணியைக் கட்டில்மேல் வைத்தேன்.

நடந்ததை அவளே சொன்னாள். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. மாமாவின் தங்கை வீட்டுக்கு வந்திருக்கிறாள். மத்தியானம் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருக்க, போனில் வந்த ஒரு கதை அழுகையாக வருகிறது என்று சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். கும்மிடிப்பூண்டி, டைப்பிஸ்ட் பெண் என்று வந்தபோது, "அய்ய, நம்ம அண்ணி மாதிரியே கீதே" என்று சிரித்திருக்கிறாள். விரல்கள் வந்த இடத்தில் நிறுத்திவிட்டாளாம். அக்கா கோவைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாமா எழுந்து போகவில்லை. "முழுக்கப் படி" என்று மட்டும் சொன்னார்.

"படிச்சா. முடியற வரைக்கும் படிச்சா. நான் காய் நறுக்கினே இருந்தேன்" என்றாள் அக்கா.

அந்த நிமிஷமே பதிவை அழித்தேன். அழிக்க ஒரே ஒரு பொத்தான்தான். ஆனால் வாட்ஸ்அப்பில் போனது போய்க்கொண்டேயிருந்தது. சில மாதம் கழித்து அது எனக்கே திரும்பி வந்தது. கடைசியில் யாரோ 'பெண்களே, யாரையும் நம்பி ஏமாறாதீர்கள்' என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள்.

அந்த வருஷ லீவில் ஊருக்குப் போனதும் திருவள்ளூருக்குத்தான் போனேன். அக்கா வீட்டுக்குப் போகத் தைரியமில்லாமல் நேராகக் கடைக்குப் போனேன். கோர்ட் சாப்பாட்டு நேரம், சந்தில் ஆளில்லை. அக்கா ஸ்டூலைத் தள்ளிக் கொடுத்து, டப்பாவில் இருந்த தக்காளிச் சாதத்தில் பாதியை மூடியில் போட்டு என் முன்னால் வைத்தாள்.

நான் அழ ஆரம்பித்தேன். "அத அப்புறமா வச்சிக்கோ. மொதல்ல துன்னு" என்றாள்.

சாப்பிட்டு முடித்ததும் கேட்டாள். "அவன் வரலைன்னு உனுக்கு யாரு சொன்னது?"

"நீதானேக்கா அழுதேன்னு சொன்ன..."

"ஒரே அழுகைன்னு சொன்னேன். நான் அழுதேன்னு சொன்னேனா? அவன் வந்தான்டி. எனக்கு முன்னாடியே வந்து நின்னுகினு இருந்தான். பிஸ்கட்டு பாக்கெட்டு வாங்கினு வந்திருந்தான். பெஞ்சுல உக்காந்து ரெண்டு பேரும் துன்னோம். அவன் ஊட்ட பத்தி, எங்க தங்கறது இன்னா ஏதுன்னு பேசிகினே இருந்தான். எனக்கு அப்பதான் தோணுச்சி. இவன் கூட வாழணும்னு நான் வரல, அந்தக் கல்யாணத்துல இருந்து தப்பிச்சா போதும்னு வந்திருக்கேன்னு. அத அப்டியே அவன்கிட்ட சொன்னேன். அவன்தான் அழுதான். அழுதுகினே டிக்கெட் எடுத்துக் குடுத்து ஏத்தி வுட்டான். பேஜார் பண்ணல, தப்பா ஒரு வார்த்த பேசல. நல்லவன். நீ அவனப் போய் ஏமாத்துக்காரனா எழுதிட்ட."

வெளியே யாரோ ஜெராக்ஸ் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டுத் தொடர்ந்தாள்.

"திரும்பி வர்றப்ப இன்னொண்ணு தோணுச்சி. உங்க மாமாவ ரெண்டு தபாதான் பாத்திருக்கேன். பேசினதே இல்ல. பேசாத ஆளப் பாத்து எதுக்கு ஓடணும்னு. அதுக்கப்புறம்தான் நான் மனசோட கட்டிக்கினேன்."

"இத மாமாகிட்ட சொன்னியாக்கா?"

"சொல்லாம? அன்னிக்கே கேட்டாரு. அவன் வரலைன்னுதான் என்கிட்ட வந்தியான்னு. இல்ல, அவன் வந்தான், நான்தான் வேணாம்னு வந்தேன்னு சொன்னேன். என் தங்கச்சிகிட்ட மட்டும்தான் சொன்னேன், அவதான் எழுதியிருக்கணும்னும் சொன்னேன். அதுக்கு இன்னா சொன்னாரு தெரியுமா? உன் கூடப் பொறந்தவளே எழுதியிருக்கா, அவன் வரலைன்னு. இப்ப நீ மாத்தி சொல்றியான்னாரு."

மாமா அடிக்கவில்லை, திட்டவில்லை. வீட்டில் எதையும் மாற்றவில்லை. ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து விடுவதை மட்டும் நிறுத்திவிட்டார். உரக்கடையைச் சீக்கிரம் திறக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு காரணம். அக்கா ஷேர் ஆட்டோவில் வருகிறாள்.

"நான் வந்து மாமாகிட்ட சொல்றேன். இல்லன்னா நடந்தத நடந்தபடியே இன்னொரு பதிவா எழுதிடறேன்" என்றேன்.

அக்காவின் முகம் அப்போதுதான் மாறியது. "எழுதற வேலையே வேணாம். தெனமும் எத்தினி பேரு ஊட்டு விஷயம் இந்தக் கையில டைப் ஆவுது. புருசன் அடிச்சது, மாமனார் பண்ணது, எல்லாம். ஒருத்தர் விஷயத்த ஊட்டுக்கு எடுத்துனு போயி உங்க மாமாகிட்டக்கூட சொன்னதில்ல. யார்கிட்டயாச்சும் சொல்லலைன்னா செத்துருவேன்ற மாதிரி இருந்துச்சின்னு அன்னிக்கு உன்கிட்ட சொன்னேன். எழுதறதுக்கா சொன்னேன்?"

சாப்பிட்ட மூடியைக் கழுவி அவள் பையில் வைத்தேன்.

மாமாவிடம் போய்ப் பேசத்தான் செய்தேன். உரக்கடையில் மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார வைத்தார். சோடா வாங்கி வரச் சொன்னார். நான் கற்பனையாக எழுதினேன், எனக்கு ஒன்றுமே தெரியாது என்று சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். "சரிம்மா, வுடு. நீ உங்கக்காவுக்காகப் பேசற. பேசணும்தான்" என்றார். அதற்கு மேல் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நான் எழுதினதைவிட நான் சொன்னது அவருக்குச் சின்னதாகத்தான் பட்டது.

சோஹாருக்குத் திரும்பிய பிறகும் வலைப்பதிவை மூடவில்லை. மூடியிருக்கலாம். பேரீச்சம்பழ சீசன், பிறகு பிறந்த பிள்ளையின் பள்ளிக்கூடம், புழுதிக்காற்று என்று எழுதிக்கொண்டிருந்தேன். பழைய வாசகர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். ஊரில் என்னோடு பேசுவதும் குறைந்தது. சித்தி வீட்டு விசேஷத்தில் நான் போய் உட்கார்ந்ததும் ஒருத்தி "ஐயோ, இவ எதிர்ல பேசாதீங்க, எழுதிடுவா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த பிறகு நிஜமாகவே பேச்சை மாற்றினார்கள். அம்மாகூட சில விஷயங்களை என்னிடம் கடைசியாகத்தான் சொல்கிறாள். நைனாவுக்கு ஆபரேஷன் என்பதே எனக்கு முடிந்த பிறகுதான் தெரியும்.

ஏழு வருஷம் ஆயிற்று. போன மாதம் அக்கா கூப்பிட்டாள். அவள் மகள் இப்போது காலேஜில் படிக்கிறாள். அந்தப் பழைய கதை எங்கேயோ சுற்றி, அத்தை மூலம் அவள் காதுக்கும் போய்விட்டிருக்கிறது. அக்காவிடம் வந்து, "அவன் ஏமாத்திட்டானாமே, உனக்கு அப்பா ரெண்டாவது சாய்ஸாம்மா?" என்று கேட்டிருக்கிறாள்.

"நடந்தத சொன்னேன். சும்மா எனக்காக சொல்றன்னு நெனைக்கிறா. எல்லாருமே அப்டிதான் நெனைக்கிறாங்க" என்றாள் அக்கா. பிறகு, "நீ எழுது. அவன் வந்தான்னு எழுது. நான் அழலன்னு எழுது" என்றாள்.

இதை எழுதி முதலில் அவளுக்கு அனுப்பினேன். இரண்டு பத்தியை வெட்டச் சொன்னாள், வெட்டிவிட்டேன். அவை என்ன என்று சொல்ல மாட்டேன். நான் முதலில் பன் என்று எழுதியிருந்ததை பிஸ்கட் என்று திருத்தினாள். நடந்ததைச் சொல்லும் இடத்திலும் நான் வைத்திருந்த மழையை எடுக்கச் சொன்னாள், அன்று நல்ல வெயிலாம். பிறகு தன் கடையிலேயே அதைப் பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். மகள் படித்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டாளாம்.

மாமாவுக்காக இன்னொரு பிரதியை மேஜைமேல் வைத்திருக்கிறாள். நேற்றுப் பேசும்போது அவளாகவே சொன்னாள். "அது மேலயே நியூஸ் பேப்பர மடிச்சி வச்சினு கீறாரு. படிச்சாரா இன்னான்னு தெரியல. எடுத்துக் கீழயும் போடல."