வலி இல்லை என்று எழுதிய நாட்கள்

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் பதிவு மகாளயத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை: ‘காலை 10.15 முதல் மாலை 6 வரை. இடப்பக்கம். வாந்தி இரண்டு முறை.’ எனக்கு அப்போது பத்து வயது. அம்மாவின் ஒற்றைத் தலைவலியைத் தேதிவாரியாகக் குறித்து வரும்படி பாலிகஞ்ச் டாக்டர் சொல்லியிருந்தார். வலியோடு அம்மாவால் எழுத முடியாது என்பதால் வேலை என்னிடம் வந்தது. ரயில்வே அலுவலகத்தில் இருந்த அப்பா கட்டம் போட்டுக் கொடுத்து, “ஆபீஸ் ரெக்கார்டு மாதிரி. நடந்ததை மட்டும் எழுது” என்றார்.

டாலிகஞ்ச் வீட்டில் பச்சைத் திரையை இழுத்துவிட்டால் படுக்கையறை குளத்தின் அடி போலாகிவிடும். அம்மா அங்கே கிடப்பாள். துர்கா பூஜை மேளம் தண்ணீருக்கு மேலிருந்து வருவதுபோல் கேட்கும். சஷ்டி முதல் தசமி வரை மூன்று தலைவலி. பந்தல் விளக்கும் மேளமும்தான் காரணம் என்று வீடு தீர்மானித்தது. வீடு என்றால் அப்பாவும் நானும்.

துர்கை கங்கையில் கரையப் போனாள். விளக்குகளை இறக்கினார்கள். தலைவலியும் நின்றது. திரை மட்டும் விலகவில்லை. நான் பள்ளியிலிருந்து வரும்போது அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். பக்கத்தில் காலைக் காபி ஆடை கட்டியிருக்கும்.

“தலை வலிக்குதாம்மா?”

“இல்லடி.”

“அப்புறம் ஏன் படுத்திருக்கே?”

“தெரியல.”

அதற்கு நோட்டில் கட்டம் இல்லை. ‘வலி இல்லை’ என்று எழுதினேன். தொடர்ந்து பதினொரு நாள். அப்பா பார்த்துவிட்டு, “பரவாயில்லையே” என்றார்.

காளி பூஜைக்கு முந்தின நாள் டாக்டரிடம் கிளம்பினோம். அம்மா நோட்டைப் புரட்டிவிட்டு என்னிடமே நீட்டினாள்.

“இந்த நாளுக்கெல்லாம் தலைவலின்னு போட்டுடேன்டி.”

“வலிக்கலன்னு நீதானே சொன்னே?”

“சொன்னேன்.”

“அப்போ அது பொய்ம்மா.”

“பெரிய ஜட்ஜு.” லேசாகச் சிரித்தாள். “சரி, விடு.”

டாக்டர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து, “கூப் பாலோ” என்றார் வங்காளியில். ரொம்ப நல்லது. மற்ற நோயாளிகளுக்குக் காட்டுவதற்காக ஒரு பக்கத்தைக் கைப்பேசியில் படம்கூட எடுத்துக்கொண்டார். வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு, இல்லை என்று தலையசைத்தாள். மூன்று மாதம் கழித்து வந்தால் போதும் என்றார்.

ஒற்றைத் தலைவலியும் மனச்சோர்வும் பலருக்குச் சேர்ந்தே வருகின்றன என்பதைப் பின்னாளில்தான் புத்தகங்களில் படித்தேன். மனச்சோர்வு என்ற சொல்லை எங்கள் வீட்டில் அன்று யாரும் எந்த மொழியிலும் சொன்னதில்லை. தலைவலி என்றால்தான் பகலில் படுக்கலாம்; தலைவலி என்றால்தான் டாக்டரிடம் போகலாம்.

திரும்பும் வழியில் ஆட்டோவில், ஒரு வரிகூடத் தவறாக எழுதாத பெருமையோடு உட்கார்ந்திருந்தேன். வீடு வரும்வரை அம்மா என் கையை விடவேயில்லை. பாராட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.