சந்தனம் வைத்த டிஸ்க்குகள்

உமா மகேஸ்வரிக்குக் கோபம் அதிகம் என்று மேலகரத்தில் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அவள் கடைக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். அவள் அங்கே கத்தினால் இங்கே என் மெஷினில் தாள் சிக்கிக்கொள்கிறது என்று கிண்டல்கூடச் செய்திருக்கிறேன். இப்போது சொல்கிறேன், அவளுக்குக் கோபம் போதாது. அவளிடம் வருகிறவர்கள் செய்துவிட்டு வருகிற காரியங்களுக்கு அவள் படுகிற கோபம் கால்வாசிகூடக் கிடையாது.

வீரகேரளம்புதூர்க்காரி. கம்ப்யூட்டர் படித்துவிட்டுச் சென்னையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள். கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்கிலிருந்து உள்ளே இருப்பதை மீட்டெடுத்துக் கொடுக்கிற வேலை. புருஷன் விஜயசங்கருக்குத் தென்காசிக்கு மாற்றல் வந்தபோது அவளும் வேலையை விட்டுவிட்டு வந்து, மேலகரத்தில் குற்றாலம் போகிற ரோட்டில் சின்னதாக ஒரு கடை போட்டாள். ‘இந்த ஊர்ல இதுக்கு யார் வரப்போறா’ என்று நான்தான் முதலில் சொன்னேன். வந்தார்கள். கல்யாண வீடியோ போச்சு என்று ஸ்டூடியோக்காரர்கள் வந்தார்கள், ஐந்து வருடக் கணக்கு காணவில்லை என்று ஆடிட்டர் வந்தார்.

அவள் கடையில் ஒரு முறை உண்டு. டிஸ்க்கைக் கொண்டுவருகிறவர் முதலில் எதிரே இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வேண்டும். அவள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லி முடிக்கிறவரை அவள் அந்தச் சாமானைத் தொடமாட்டாள். “இது கெட்டதுக்கப்புறம் யாரு தொட்டா? என்ன செஞ்சீய?” என்பாள். உலகத்தில் உள்ள அத்தனை பேரும் “ஒண்ணும் செய்யல மேடம், தன்னால போச்சு” என்பார்கள். அரை மணி நேரம் போனால் உண்மை மெல்ல வெளியே வரும். ஒருவர் டிஸ்க்கை பிரிட்ஜில் இரண்டு நாள் வைத்திருப்பார். இன்னொருவர் ஸ்குரூவைக் கழற்றி, வாயால் ஊதி, திரும்ப மூடியிருப்பார். டாக்டரிடமும் இவளிடமும் பொய் சொல்ல மனுஷனுக்கு எப்படித்தான் மனசு வருகிறதோ.

சரஸ்வதி பூஜை முடிந்த நாலாம் நாள் காலையில் லோகநாயகி வந்தாள். குற்றாலத்தில் வல்லிநாயகம் அண்ணாச்சியின் லாட்ஜில் பதினோரு வருடமாக ரூம் கூட்டித் துடைக்கிறவள். தனியாக வரவில்லை, மேனேஜர் நெல்லையப்பனை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். இழுத்துக்கொண்டு என்றால் கையைப் பிடித்து அல்ல. லாட்ஜ் வாசலில் இரண்டு நாள் நின்றிருக்கிறாள். வருகிற போகிற விருந்தாளிகள் எல்லாம் என்ன ஏது என்று கேட்க ஆரம்பித்ததும் மனுஷன் வேறு வழியில்லாமல் கிளம்பிவிட்டார். அவர் கையில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. லாட்ஜின் பதினாறு கேமராவும் பிடிப்பது அந்தப் பெட்டிக்குள் இருக்கும் நாலு டிஸ்க்கில்தான் சேர்ந்துகொண்டிருந்தது. இப்போது அதைத் திறந்தால் ஒன்றுமே இல்லை.

நடந்தது இதுதான். பூஜை லீவு தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை, வெளியூர்க் குடும்பம் ஒன்று லாட்ஜில் தங்கியிருக்கிறது. மெயினருவிக்குப் போகும்போது தலையணைக்கடியில் வைத்த ஆறு பவுன் செயினைக் காணவில்லை என்று அந்த அம்மாள் கூப்பாடு போட்டிருக்கிறாள். அந்த ரூமைக் கூட்டியது லோகநாயகி. வல்லிநாயகம் அண்ணாச்சி ஒன்றும் விசாரிக்கவில்லை. லாட்ஜ் முற்றத்தில் அத்தனை பேருக்கும் நடுவில் அவளை நிறுத்தி, சாப்பாட்டுத் தூக்குச்சட்டியைக் கவிழ்த்து, கொண்டையை அவிழ்த்து, மடியை உதறிக் காட்டச் சொல்லியிருக்கிறார். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் என்ன, எங்கேயோ ஒளித்துவிட்டாள் என்று வேலையைவிட்டு நிறுத்திவிட்டார். அதோடு விட்டாரா? தலைவிரிகோலமாக நின்ற அவளைப் போட்டோ எடுத்து, ‘இவளை யாரும் வேலைக்கு வைக்க வேண்டாம்’ என்று எழுதி, லாட்ஜ்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். அந்தக் குரூப்பில் நானும் இருந்தேன். எல்லா லாட்ஜுக்கும் பில் புத்தகம் அடித்துக் கொடுப்பவன் என்பதால் என்னையும் சேர்த்திருந்தார்கள்.

எனக்கு இதில் எரிச்சல் எங்கே என்றால், அந்த ரூம் வாசல் வராந்தாவில் கேமரா இருக்கிறது. மடியை உதறச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகவில்லை. கேமராவைப் போட்டுப் பார்க்க மூன்று நாள் நேரமில்லை. பூஜை முடியட்டும், கூட்டம் குறையட்டும் என்றிருக்கிறார்கள். பூஜை முடிந்தபோது பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

லோகநாயகி நாற்காலியில் உட்காரவில்லை. “எம் மக வாசுதேவநல்லூர்ல வாக்கப்பட்டிருக்கு தாயி. கெட்டிக்குடுத்து ஏழு மாசம்தான் ஆவுது. அவ மாமியா வீட்டுக்கு இது தெரிஞ்சா எம் பிள்ளைய வாழ விடமாட்டாக. தெரியதுக்கு முன்ன நான் எடுக்கலேன்னு காட்டணும். எப்பிடியாவது எடுத்துக்குடு” என்றாள்.

நெல்லையப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“என்ன செஞ்சீய அண்ணாச்சி?” என்றாள் உமா.

“ஒண்ணும் செய்யல மேடம். தன்னால…”

உமா சொல்ல, அவரே பெட்டியின் முன்மூடியைத் திறந்து ஒரு டிஸ்க்கை வெளியே உருவினார். அதன் நெற்றியில், ஆமாம், நெற்றியில்தான், மூன்று விரல் அகலத்துக்குச் சந்தனம். நடுவே குங்குமம். அடுத்ததை உருவினார். அதிலும் அப்படியே. நாலுக்கும் பொட்டு.

“இது என்ன?”

“ஆயுத பூஜை மேடம்” என்றார் நெல்லையப்பன், தெரியாதா என்கிற மாதிரி. “ஜெனரேட்டரு, மோட்டாரு, கல்லாப்பெட்டி எல்லாத்துக்கும் வச்சோம். இதுக்கு மட்டும் வைக்காம இருந்தா நல்லாவா இருக்கும்?”

“வெளிய பெட்டிக்கு வைக்கப்படாதா? ஏன் உள்ள இருக்கத உருவுனீய?”

“தூசியா இருந்துச்சு. ஈரத்துணி வச்சுத் தொடச்சிட்டு வச்சோம்.”

“திரும்பச் சொருகும்போது அந்தந்த இடத்துலயே சொருகினீயளா?”

உமா அவரையே பார்த்தாள். அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. சித்திரையிலேயே பெட்டி பீப் பீப் என்று கத்த ஆரம்பித்திருக்கிறது. நாலில் ஒரு டிஸ்க் செத்துவிட்டது, உடனே மாற்றுங்கள் என்று அது சொன்ன சத்தம் அது. விருந்தாளிகளுக்குத் தொந்தரவாக இருக்கிறதென்று உள்ளே பஞ்சை அடைத்து பிளாஸ்திரி ஒட்டிவிட்டார்கள். ஐந்து மாதம் மூன்று டிஸ்க்கிலேயே ஓடியிருக்கிறது. பூஜை முடிந்து சுவிட்சைப் போட்டதும் ஈரம் பட்ட இன்னொரு டிஸ்க்கும் எழுந்திருக்கவில்லை. டிவியில், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவா என்று பெட்டி இங்கிலீஷில் கேட்டிருக்கிறது. நெல்லையப்பன் ‘யெஸ்’ என்று அமுக்கியிருக்கிறார்.

“வாசிச்சுப் பாத்துட்டா அமுக்கினீய?”

“எப்பவும் யெஸ்ஸு தானே மேடம் அமுக்குவோம். அமுக்குன கொஞ்சத்துல கரண்டு போயிட்டு.”

உமா கத்திய கத்தலில் எதிரே டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “கரண்டு போச்சுல்லா, அந்தக் கரண்டுக்குக் கொண்டுபோய் பொட்டு வைங்க! அதுதான் கொஞ்சமாவது மிச்சம் வச்சிருக்கு! ஒரு பொம்பளையோட மானம் இதுக்குள்ள கெடக்கு. நீங்க இதக் கழுவி மொழுகி வச்சிருக்கிய!” நெல்லையப்பன் எழுந்து போய்விட்டார். பெட்டியை விட்டுவிட்டுப் போனாரே, அதுவரைக்கும் நல்லது.

அந்தப் பெட்டியின் சூட்சுமத்தை உமா எனக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறாள். வருவதை எல்லாம் துண்டு துண்டாக்கி நாலு டிஸ்க்கிலும் பிரித்து எழுதும். நாலில் ஒன்று செத்தாலும் மற்ற மூன்றை வைத்து விட்டுப்போனதைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். இரண்டு செத்தால் முடிந்தது. இங்கே சித்திரையில் ஒன்று செத்தது, பூஜையில் ஒன்று. ஆகவே சந்தனத் தண்ணீர் குடித்த அந்த டிஸ்க்கை உயிர்ப்பித்தே ஆகவேண்டும். வேறு வழியே இல்லை.

ஏழு நாள் ஆனது. அந்த டிஸ்க்கின் அடியில் இருந்த பச்சை போர்டு ஈரத்தில் கருகியிருந்தது. அதே கம்பெனி, அதே மாடல், அதே வரிசை போர்டு வேண்டுமாம். திருநெல்வேலி, மதுரை என்று போன் போட்டுக் கடைசியில் ஒருவரிடம் பழைய டிஸ்க் ஒன்று கிடைத்தது. கருகிய போர்டிலிருந்து மிளகு அளவுள்ள ஒரு சிப்பைப் பெயர்த்துப் புதிய போர்டில் ஒட்டினாள். அந்தச் சிப் இல்லாவிட்டால் டிஸ்க்குக்குத் தான் யாரென்றே தெரியாதாம். அது சுழல ஆரம்பித்த சத்தத்தைக் கேட்கச் சுவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டாள். அப்புறம் மூன்றையும் அப்படியே நகல் எடுத்தாள். அசலில் கை வைக்கமாட்டாள், எது செய்தாலும் நகலில்தான். எது முதல் டிஸ்க், எது இரண்டாவது என்பதுதான் நெல்லையப்பன் புண்ணியத்தில் தெரியாமல் போய்விட்டதே, ஒவ்வொரு வரிசையாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். தப்பான வரிசையில் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக உடைந்தது. ஒவ்வொரு தடவையும் வல்லிநாயகம் அண்ணாச்சியின் குடும்பத்தையே ஒரு சுற்றுத் திட்டுவாள். லோகநாயகி தினமும் காலையில் வந்து வாசலில் நிற்பாள். “மக போன் போட்டாளா அக்கா?” என்று உமா கேட்பாள். “ரெண்டு நாளா பேசல” என்றாள் ஒருநாள். மறுநாள் “இன்னைக்கும் பேசல” என்றாள்.

ஏழாம் நாள் படம் ஓடியது. நெல்லையப்பன் ‘யெஸ்’ அமுக்கியதில் முதல் முப்பது நாற்பது பைல் போனது போனதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுசாகக் கிடைத்தது.

லாட்ஜ் ஆபீஸ் ரூமில் வைத்துப் பார்ப்போமே என்றார் வல்லிநாயகம் அண்ணாச்சி.

“மடிய ஆபீஸ் ரூம்ல வச்சா உதறச் சொன்னீய?” என்றாள் உமா.

முற்றத்திலேயே மேஜை போட்டோம். மானிட்டரை நான்தான் தூக்கி வந்தேன். உமா படத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தாள். சமையல்காரர், வாட்ச்மேன் சேக் மைதீன், கூட்டுகிற பெண்கள் என்று அன்றைக்கு நின்று பார்த்த அத்தனை பேரையும் லோகநாயகி பேர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்தினாள். திரையில் காலை ஐந்து ஐம்பத்திரண்டு. துண்டோடு ரூமைவிட்டு அந்த அம்மாள் வெளியே வருகிறாள். கழுத்தில் செயின், வராந்தா லைட்டில் பளிச்சென்று தெரிகிறது. தலையணைக்கடியில் வைத்தாளாம்! ஏழு இருபதுக்கு ஈரத் தலையோடு திரும்புகிறாள். கழுத்து வெறுமையாக இருக்கிறது. ஒன்பது மணிக்குத்தான் லோகநாயகி வாளியோடு அந்த மாடிக்கே வருகிறாள். செயின் மெயினருவியில் போயிருக்கிறது. கழுத்தில் கிடப்பதைக் கழற்றாமல் அருவிக்குள் தலையைக் கொடுத்தால் போகும் என்று குற்றாலத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். லாட்ஜ் நடத்துகிறவருக்கு மட்டும் அன்றைக்குத் தோன்றவில்லை.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். “சரி விடு. நாளையில இருந்து வேலைக்கு வந்துரு.”

“எம் போட்டா?” என்றாள் லோகநாயகி.

அண்ணாச்சி போனை எடுத்துத் தடவினார். நாள் ஆகிவிட்டதால் தன் போனில்தான் அழிகிறது, மற்றவர்கள் போனில் அழியமாட்டேன் என்கிறது என்றார். ‘லோகநாயகி மேல் தவறில்லை’ என்று எழுதிப் போட்டார். குரூப்பில் நாலைந்து பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். சேக் மைதீன் தயங்கித் தயங்கித் தன் போனை நீட்டினார். “எனக்கு சவுதியில இருந்து மருமகன் அனுப்பியிருக்கான், இது உங்க லாட்ஜ் தானேன்னு கேட்டு.”

லோகநாயகி உமாவிடம் திரும்பினாள். “தாயி, அழிஞ்சு போனத எடுத்துக் குடுத்துட்ட. இத அழிச்சுக் குடு.”

“முடியாதுக்கா.”

“அந்த டிஸ்க்கு செத்துப்போச்சுன்னாவ, நீ எழுப்புனேல்லா. இது ஒரு போட்டாதான?”

“யார் யார் போன்ல இருக்குன்னே தெரியாதே அக்கா. நான் எங்கன போய்த் தேட?” அத்தனை வருடத்தில் உமா கத்தாமல் பதில் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

“யாருன்னு சொல்லு. நான் ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் போய்க் கேக்கேன்.”

நான் மானிட்டரின் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் போட்டோ குரூப்பில் வந்ததும் என்ன செய்தேன் என்பது எனக்குத் தெரியும். மேலே ‘ஜாக்கிரதை’ என்று ஒரு வார்த்தை எழுதி, ஐந்து பேருக்கு அனுப்பினேன். அவள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. ஏழு நாள் வாசலில் நின்றவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன், அப்போதும் சொல்லவில்லை. இத்தனை பேரை வைதேனே, என்னை எதில் சேர்ப்பது?

“நான் அஞ்சு பேருக்கு அனுப்புனேன்” என்றேன்.

“பேரச் சொல்லுங்க அண்ணாச்சி” என்றாள் லோகநாயகி.

சொன்னேன். ஒருவர் செங்கோட்டை, ஒருவர் தென்காசி. மூன்றாவது என் மச்சான், அவள் மகள் வாக்கப்பட்ட அதே வாசுதேவநல்லூரில் மளிகைக் கடை.

அவள் நாலாவது பேரைக் கேட்கவில்லை. உமா என்னைப் பார்த்து என்னமோ கத்தினாள். அது என் காதில் ஏறவில்லை. லோகநாயகி கொண்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, உமா கையில் இருந்த பென் டிரைவை வாங்கி முந்தானையில் முடிந்தாள். அதுவரை என்னை அண்ணாச்சி என்றவள், “ஒம்ம மச்சான் கட எங்கன இருக்கு?” என்றாள்.

“பஸ் ஸ்டாண்டு பக்கத்துல.”

“முன்ன நடயும்.”