பாலில் கலந்த மருந்து

தோசைக் கரண்டியைக் காட்டி, “சாவிய எடு” என்றார் என் கணவர். புனேயில் போசரித் தொழிற்பேட்டையில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்த மனிதர். கிண்டல் செய்கிறார் என்று நினைத்து, “காலங்காத்தால என்ன விளையாட்டு?” என்று எரிந்து விழுந்தேன். மறுநாள் என்னைக் கூப்பிட வாயெடுத்தார். சொல் வரவில்லை.

மூளையின் இடப்பக்கம் கட்டி. அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்தன. சொல்லிழப்பு (நினைப்பு இருக்கும், அதற்கான சொல் கிடைக்காது) மட்டும் போகவில்லை.

எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். ‘ஏடி’ என்கிற மாதிரி என்னை “ஏளா” என்றுதான் கூப்பிடுவார். புனேயில் இந்தக் கோர்படிக்குக் குடிவந்த நாளிலிருந்து, “நாலு பேர் முன்னால அப்படிக் கூப்பிடாதீய” என்று சண்டை போட்டவள் நான். இப்போது அந்த ஒரு சொல்லுக்குத் தவம் கிடந்தேன்.

மகள் செல்விக்கு ஆய்வகத்தில் வேலை. பாலிலிருந்து நுண்பைகளைப் (செல்கள் வெளியே அனுப்பும், கண்ணுக்குத் தெரியாத சிறு உறைகள்) பிரித்து, அவற்றுள் மருந்தை ஏற்றிப் பார்க்கிறார்கள். மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் பல மருந்துகளை உள்ளே விடாது. இந்தப் பைகள் தாண்டக்கூடும் என்றாள்.

“அப்போ அப்பாவுக்குக் கொடேன்.”

“அம்மா, இது இப்போ எலிக்கு மட்டும்தான். ஆளுக்கு வர பஹுத் டைம் லகேகா, ரொம்ப வருசம் ஆகும்.”

என் காதில் விழுந்தது பால் மட்டும்தான். தூத்வாலா ஊற்றுகிற அதே பால்தானே! கட்டிக்காக அவருக்கு எழுதிக்கொடுத்திருந்த, தண்ணீரோடு முழுதாக விழுங்க வேண்டிய கேப்ஸ்யூலை, செல்வி வேலைக்குப் போனபின் உடைத்துப் பாலில் கலக்கிக் கொடுத்தேன். மூன்று நாள். வாந்தி நிற்காமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

நான் செய்ததைச் சொன்னதும் டாக்டரம்மா இந்தியிலிருந்து மராத்திக்குத் தாவிவிட்டார். அந்தப் பொடி என் கையில் பட்டாலே கெடுதல், கலக்கினால் மருந்து பைக்குள் ஏறிவிடாது என்பது மட்டும் புரிந்தது. “நான் சொன்னதாலதானேம்மா?” என்று செல்வி வராந்தாவில் அழுதாள். பாவி, அவளையும் அழவைத்தேன்.

இதைப் படிக்கிறவர்களே, ஆசை கண்ணை மறைக்கும். டாக்டரைக் கேட்காமல் எந்தக் கேப்ஸ்யூலையும் திறக்காதீர்கள்.

அவர் தேறிவிட்டார். இரண்டு ஸ்கேனாகக் கட்டி வளரவில்லை. எங்கள் வீட்டில் மாதம், வருடம் எல்லாம் போய், அடுத்த ஸ்கேன் வரைக்கும்தான் காலம். சொற்கள் ஒவ்வொன்றாக வருகின்றன: சோறு, செருப்பு, செல்வி. என்னைக் கூப்பிட மட்டும் “பால்” என்கிறார். பக்கத்து வீட்டுக்காரி சிரிக்கிறாள். சிரித்துவிட்டுப் போகட்டும். “இந்தா வந்துட்டேன்” என்று ஓடுகிறேன்.

மிக்ஸி ஓடும்போதுகூட நடுவில் நிறுத்திக் கேட்கிறேன். உடம்பு முழுக்கக் காதாகிவிட்டது. ஒரே ஒரு தடவை “ஏளா” என்று கூப்பிடட்டும். கோர்படியே திரும்பிப் பார்க்கும்படிக் கூப்பிடட்டும்.