முழங்கால் வரை சொக்ஸ்

என் மெஷினை முதன்முதலில் பார்த்தபோது, தோட்டத்து லயத்தில் சுவரை ஒட்டிய அடுத்த காம்பராவில் இருப்பவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். இது ஒரு தடவைக்கு எத்தனை பேருக்கு இடியாப்பம் பிழியும் என்று. அவளைக் குறை சொல்ல முடியாது. மேசை விளிம்பில் திருகி மாட்டுகிற இரும்பு, பக்கத்தில் ஒரு கைப்பிடி, நடுவில் வட்டமாக ஒரு கிண்ணம். கிண்ணத்தைச் சுற்றி எழுபத்திரண்டு ஊசிகள் நிற்பதைக் கிட்ட வந்து பார்த்த பிறகுதான் இடியாப்ப ஆசையை விட்டாள். கைப்பிடியைச் சுற்றினால் ஊசிகள் ஒவ்வொன்றாகத் தலையை நீட்டி நூலைக் கவ்வி இழுக்கும். நடுவில் உள்ள ஓட்டை வழியாகப் பின்னல் குழாய் மாதிரி இறங்கும். அது சுருங்காமல் இறங்குவதற்கு அடியில் ஓர் எடைக்கல்லைத் தொங்கவிட வேண்டும். காலுறை, எங்கள் பேச்சில் சொக்ஸ், இப்படித்தான் பிறக்கிறது.

பெண்களுக்குச் சுயதொழில் என்று ஏதோ ஒரு திட்டத்தில் அந்த மெஷின் எனக்குக் கிடைத்தது. கொழுந்துக் கூடையைத் தூக்க முடியாது என்று அப்போதே என் முதுகு சொல்லிவிட்டிருந்தது. நூலுக்கு என் தங்கை மகள். அவள் வேலை செய்கிற ஆடைத் தொழிற்சாலையில் மிஞ்சுகிற நூல் கோன்களை வீட்டுக்கு வரும்போதெல்லாம் பையில் போட்டுக்கொண்டு வருவாள். நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் பாக்கியம் எனக்கு இல்லை. கிளிப்பச்சை வந்த மாதம் தோட்டமே கிளிப்பச்சை. அடுத்த மாதம் ஆரஞ்சும் கத்திரிப்பூவும். காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போது கீழே பார்த்தால் அட்டைக் கடிக்குப் பயந்து சொக்ஸை இழுத்துவிட்ட கால்கள்தான் வரிசையாக நிற்கும். உடப்புசல்லாவை ரோட்டில் போகிற சுற்றுலா வான்காரர்கள் அதைப் படம் பிடிப்பார்கள். எங்கள் முகத்தை ஒருவரும் பிடித்ததில்லை.

முதல் மூன்று மாதம் எனக்குக் குதிகால் வரவில்லை. குழாயை யாரும் சுற்றிவிடலாம். குதிகாலுக்குப் பாதி ஊசிகளைத் தூக்கி நிறுத்திவிட்டு, மீதிப் பாதியில் கைப்பிடியை முன்னும் பின்னுமாக ஆட்ட வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஓர் ஊசியைக் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். நடுவில் யாராவது வந்து "அக்கா, கொஞ்சம் சீனி இருக்கா" என்று கேட்டால் எண்ணிக்கை போய்விடும். எனக்குக் கோபம் வருவதற்கு அது போதும். அந்த மூன்று மாதக் குழாய்கள் தண்ணீர்ப் போத்தலுக்கும் மோட்டர் சைக்கிள் கைப்பிடிக்கும் உறையாகப் போயின. ஒன்று கேஸ் சிலிண்டரின் கழுத்தில் மஃப்ளராகவும் இருந்தது. பிறகு ஒருநாள் குதிகால் தானாகத் திரும்பிக்கொண்டது. அன்றைக்கு அந்தச் சொக்ஸை அடுப்பங்கரையில் மாட்டி வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படி ஊருக்கெல்லாம் சொக்ஸ் போட்டவளின் வீட்டில் ஒரு மனிதர் வெறுங்காலோடு நின்றார். என் வீட்டுக்காரர்.

பகலில் அவருக்குத் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை. விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரி. முந்தைய வருடம் கோயில் கமிட்டி பழைய சிமெண்டுத் தரையை உடைத்துவிட்டு வெள்ளை டைல்ஸ் பதித்தது. முகம் பார்க்கலாம் என்று பெருமைப்பட்டார்கள். முகம் பார்க்கலாம், சரி. தை மாதத்தில் அந்த டைல்ஸில் கால் வைத்தால் உச்சந்தலையில் குளிர் ஏறும். அதை மலையிலிருந்து வழியும் பீலித் தண்ணீர் ஊற்றிக் கழுவி, அந்த ஈரத்திலேயே இவர் ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். அவருக்குச் சீனி வியாதி வேறு. வலக்காலின் இரண்டாவது விரல் முதலில் சிவந்தது, பிறகு நீலமானது, கார்த்திகைக்குள் கருக்கத் தொடங்கியது.

கிளினிக்கில் இருந்த டொக்டர் பொறுமையான பெண். எங்களுக்குப் புரியும்படி சிங்களத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கால் சூடாகவும் காய்ந்தும் இருக்க வேண்டும், இறுக்கமான ரப்பர் வைத்த சொக்ஸ் கூடாது, கையால் பின்னியது நல்லது. இல்லையென்றால் அந்த விரலை எடுக்க வேண்டிவரும், ஒரு விரலோடு நிற்கும் என்றும் சொல்ல முடியாது. கையால் பின்னியது என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு டொக்டர் எழுதிக் கொடுத்த மருந்து என் வீட்டு மேசையிலேயே இருந்தது.

அன்றைக்கே பின்னிக் கொடுத்தேன். வீட்டில் போட்டார். ஸ்டோரில் பூட்ஸுக்குள் போட்டார். கோயில் படியில் கழற்றிச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டு வெறுங்காலோடு உள்ளே போனார்.

"செருப்புக்குள்ள போறது செருப்போட ஆளுதான். அத போட்டுக்கிட்டு ஆத்தா முன்னால நிக்க முடியாது" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "காலும்தான செருப்புக்குள்ள போகுது. அதையும் கழட்டி வெளியில வச்சிட்டுப் போங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. சாயந்தரம் நான் காலுக்கு எண்ணெய் தடவும்போது, கூரையைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார். "வெரலு இல்லாட்டி, மணி அடிக்கைல ஊணி நிக்க வருமா?" எங்கள் கோயில் மணி உயரத்தில் தொங்குகிறது. கயிற்றை இழுக்க அவர் நுனிக்காலில் எம்ப வேண்டும். பயமாக இருந்தது. எண்ணெய்யை மட்டும் இன்னொரு தடவை தடவினேன்.

மறுநாள் நான் கமிட்டியிடம் போனேன். கமிட்டி என்றால் மூன்று பேர். தலைவர், தோட்டத்துக் கடைக்காரர், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. சொக்ஸ் என்பது செருப்பா, துணியா என்று சொல்லுங்கள், அது போதும் என்றேன். பத்து நிமிடத்தில் முடிகிற விஷயம் என்று நினைத்தேன். அவர்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள்.

கடைக்காரர் துணி என்றார். அவர் கடையில் சொக்ஸ் பனியனோடும் துவாயோடும் தொங்குகிறது, செருப்புக்குப் பக்கத்தில் இல்லை என்பது அவருடைய ஆதாரம். கணக்கப்பிள்ளை ஒப்புக்கொள்ளவில்லை. நுவரெலியா டவுனில் பெரிய கடையொன்றில் அது சப்பாத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, பெரிய கடை சொல்வதுதான் சரியாக இருக்கும் என்றார். பிறகு நூலைப் பற்றிப் பேசினார்கள். ஆட்டு ரோமம் என்றால் தீட்டா, பட்டு என்றால் பூச்சிதானே, நைலோன் என்றால் எதன் வயிற்றில் பிறந்தது. நான் கொண்டுபோன சொக்ஸை மூன்று பேரும் மாறி மாறி மோந்து பார்த்தார்கள். துவைத்ததுதான் என்று சொன்னேன்.

கடைசியில் தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கணுக்காலோடு நின்றால் அது செருப்பைச் சேர்ந்தது. முழங்காலுக்கு மேலே ஏறி வேட்டிக்குள் போய்விட்டால் வேட்டியைச் சேர்ந்தது. வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகக் கூடாது என்று யாரும் சொல்லப்போவதில்லை. இதைச் சொல்லிவிட்டு அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்ட விதத்தைப் பார்த்தால், மலையகத்தின் எல்லாப் பிரச்சினைக்கும் அன்றோடு ஒரு முடிவு வந்த மாதிரி இருந்தது.

சிரிக்கலாம். ஆனால் நான் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பின்னத்தான் தொடங்கினேன். மஞ்சள் நூல், மேலே சிவப்புக் கரை, அம்மனுக்குப் பிடித்த நிறம். சாதாரணச் சொக்ஸுக்கு அறுபது சுற்று. இதற்கு ஒரு காலுக்கு நூற்றைம்பது, அதற்குப் பிறகு குதிகால், பாதம். பின்னல் நீளமாகி எடைக்கல் தரையைத் தொட்டபோது மேசைக்கு அடியில் நான்கு செங்கல் வைத்து உயர்த்தினேன். அடுத்த காம்பராக்காரி எட்டிப் பார்த்து, யானைக்கா என்று கேட்டாள். சீனி இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பின்னி முடித்துக் கொடுத்தபோதும் இவர் மசியவில்லை. கமிட்டி சொன்னால் போதாது, ஆத்தாவிடம் பூக் கேட்க வேண்டும் என்றார். அம்மனின் இரண்டு தோளிலும் ஒவ்வொரு செவ்வரத்தம்பூ வைப்பார்கள். வலத்தோள் பூ முதலில் விழுந்தால் சம்மதம். இடத்தோள் பூ விழுந்தால் தடை. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கமிட்டி முழுவதும் கூடியது. தேங்காய், வாழைப்பழம், வெற்றிலையோடு தாம்பாளத்தில் என் சொக்ஸும் இருந்தது. எது வலப்பக்கம் என்று கடைக்காரர் தடுமாறினார். என் வீட்டுக்காரர் வாத்தியார் மாதிரி விளக்கினார். "ஆத்தாவோட வலப்பக்கம்தான் கணக்கு. நம்ம வலப்பக்கம் இல்ல. பார்க்கிறவன் பக்கத்த வச்சுச் சாமிக்கு வாக்குச் சொல்லக்கூடாது." மூன்று பேரும் தலையாட்டினார்கள். பிறகு பூவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பூ விழவில்லை.

கமிட்டி உறுப்பினர்கள் கோயிலுக்கு வந்தால் திருநீறு பூசிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் செருப்பைத் தேடுகிறவர்கள். அவர்கள் பதித்த டைல்ஸில் அவர்களே நின்றது அன்றைக்குத்தான். மூடுபனி வாசல் வழியாக உள்ளே வந்து காலைச் சுற்றியது. கால் மணி நேரத்தில் தலைவர் ஒரு காலைத் தூக்கி மற்றக் கால் மேல் வைத்துக்கொண்டார். பக்தி என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு காலை மாற்றினார். கடைக்காரர் வாசலில் கால் துடைக்கக் கிடந்த சாக்கை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தார். அவர் அதன் மேல் ஏறியதைப் பார்த்ததும் கணக்கப்பிள்ளையும் ஏறினார், தலைவரும் ஏறினார். ஒரு மாவுச் சாக்கில் மூன்று பெரிய மனிதர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அம்மனைப் பார்த்துக் கைகூப்பி நின்றார்கள். ஒருவர் தும்மினால் மூவரும் விழுவார்கள்.

இவர் மட்டும் ஈரத்தில் அசையாமல் நின்றார். எல்லோரும் பூவைப் பார்த்தார்கள், நான் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது டைல்ஸின் வெள்ளையில் இன்னும் கறுப்பாகத் தெரிந்தது. எப்போது அழத் தொடங்கினேன் என்று தெரியவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்தபோது இவர் திரும்பி ஒரு தடவை என்னைப் பார்த்தார்.

ஏழரை மணிக்குத் தலைவர் கேட்டார், பூவே விழாவிட்டால் வேண்டாம் என்று அர்த்தமா என்று. கணக்கப்பிள்ளையின் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன. ஆனாலும் அவர் பதில் தெளிவாக இருந்தது.

"நான் முப்பது வருசம் தொரைக்குக் கடுதாசி எழுதியிருக்கேன். பதில் வரலைனா சம்மதம்னுதான் அர்த்தம்."

அந்த நிமிடமே தீர்மானம் நிறைவேறியது. கூட்டப் புத்தகத்தில் எழுதுவதற்குக் கூட நிற்காமல் மூவரும் செருப்புக்கு ஓடினார்கள். தலைவர் மட்டும் பாதி வழியில் திரும்பி வந்து, அதே மாதிரி முழங்கால் வரைக்கும் தனக்கும் ஒரு ஜோடி வேண்டும், ஆனால் கிளிப்பச்சை வேண்டாம் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இவர் அன்றைக்கும் போடவில்லை. பதில் வராமல் பூவை எடுப்பது முறையில்லை என்று இரண்டு பூவையும் அம்மன் தோளிலேயே விட்டுவிட்டு வந்தார். திட்டுவதற்கும் ஓர் அளவுக்குத்தான் தெம்பு இருக்கிறது.

மறுநாள் விடியற்காலையில் கோயிலைக் கூட்ட நானும் கூடப் போனேன். தரையைக் கழுவித் துடைத்த பிறகு படியில் உட்கார்ந்தார். மடியிலிருந்து மஞ்சள் சொக்ஸை எடுத்தார். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்திருந்தார். பிறகு ஒரு காலில் ஏற்றினார், மற்றக் காலிலும் ஏற்றினார், முழங்கால் தாண்டி இழுத்து வேட்டிக்குள் விட்டார். என்னைப் பார்க்காமல் உள்ளே போனார். நான் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அவர் கற்பூரத் தட்டை எடுக்கக் குனிந்தபோது பூ விழுந்தது.

அம்மனின் இடத்தோள் பூ. பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு வலப்பக்கம்.

இவரை எனக்குத் தெரியும். இப்போது உட்கார்ந்து கழற்றுவார், இனி யார் சொன்னாலும் போடமாட்டார், வருடம் முடிவதற்குள் அந்த விரல் போகும் என்று எல்லாம் ஒரே நேரத்தில் மனதில் ஓடியது. அவர் பூவைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். சொக்ஸுக்குள் விரல்களை அசைத்துப் பார்க்கிறார் என்பது மஞ்சள் நூல் மேலும் கீழும் ஆடியதில் தெரிந்தது. வெகுநேரம் அசைத்தார்.

"வலப்பக்கம்தான விழுந்திருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

சாமிக்கு எது வலம், எது இடம் என்று முந்தைய நாள்தான் கமிட்டிக்கே பாடம் எடுத்த மனிதர்.

"ஆமாங்க" என்றேன். "வலப்பக்கம்தான்."

அவர் பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றி என் கையில் கொடுத்தார். பிறகு மணிக்கயிற்றைப் பிடித்து, பத்து விரலையும் ஊன்றி எம்பி அடித்தார்.