ஈயக்குண்டு தரை தொடவில்லை

எங்கள் பெரிய அத்தைக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவர் துறைமுகத்தில் ஆழம் பார்க்கிறவர். அதனால் ஊரே அவரை ஆழக்காரர் என்றுதான் கூப்பிடும். அடுத்தது பெண். மூன்றாவது கடைக்குட்டி, மீசை நரைக்கத் தொடங்கியும் அவன் கடைக்குட்டிதான். பெண்ணைக் கட்டினவருக்குச் சொந்தமாக ஒரு விசைப்படகு. கடைக்குட்டி அதில் இன்ஜின் பார்த்தான்.

ஈயக்குண்டு கட்டிய கயிற்றைத் தண்ணீருக்குள் விடுவதுதான் ஆழக்காரர் வேலை. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். பாகத்துக்கு ஒரு முடிச்சு. குண்டு தரையைத் தொட்டதும் முடிச்சை எண்ணிச் சொல்வார். கடலுக்கு அடியில் இருக்கிற மேடு பள்ளமெல்லாம் அவருக்கு வீட்டுக் கூடம் மாதிரி.

துறைமுகத்துச் சேற்றை அள்ளுகிற கப்பல்காரர்கள் தூரம் போகச் சோம்பல்பட்டு, கடல்பாலத்து முனைக்கு வெளியே கொட்டினார்கள். அங்கேதான் கடலடி சரிந்து பெரிய ஆழத்துக்கு இறங்குகிறது. அந்தச் சரிவின் உதட்டில் வருஷக்கணக்காகச் சேறு ஏறி, பதினாறு பாகம் இருந்த இடம் எட்டு பாகமாகிவிட்டது. ஆழக்காரர் ஆபீசில் போய்ச் சொன்னார்.

"சேறு செங்குத்தா நிக்குது சார். நிலம் ஒரு உலுக்கு உலுக்கினா மொத்தமா சரிஞ்சிடும்."

"நீ உள்ள போய்ப் பாத்தியா?"

"நான் பாக்கல. கயிறு பாத்துச்சு."

"அப்ப கயித்தையே வந்து மனு எழுதச் சொல்லு."

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. முன்பு ஒரு தடவை எங்கோ தூரத்தில் நிலம் நடுங்கி, ஒன்றரை மணி நேரம் கழித்துக் கடல் பொங்கியது. கரையில் இருந்த படகெல்லாம் நொறுங்கியது. நடுக்கடலுக்குப் போன ஆறு படகு மட்டும் பிழைத்தது. அன்றிலிருந்து நிலம் ஆடினால் படகைத் தூக்கிக்கொண்டு கடலுக்கு ஓடுவதே வழக்கம். அலை வந்து சேர நேரம் இருக்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள்.

இந்தத் தடவை காலை பத்து மணிக்கு நிலம் ஆடியது. சுவர்கள் பிளந்தன. மீன் ஏலக் கொட்டகையின் தகரக் கூரை அடியில் நின்ற ஆட்களோடு விழுந்தது. ஆட்டம் நின்றதுதான் தாமதம், ரத்தம் வழிகிற தலையோடு எல்லோரும் படகுக்கு ஓடினார்கள்.

ஆழக்காரர் பாலத்து முனையில் இருந்தார். கை தன்னால் குண்டை வீசியது. எட்டு போனது. பதினாறு போனது. முப்பதாவது முடிச்சும் போய்க் கயிறே தீர்ந்தது. குண்டு தரையைத் தொடவில்லை. கீழே இருந்த மலைபோன்ற சேறு நடுக்கத்தில் இளகி, ஆழத்துக்குள் ஓடிவிட்டது. அது விட்டுப்போன பள்ளத்துக்குள் தண்ணீர் விழப்போகிறது. விழுந்தது அப்படியே எழுந்து திரும்பும். கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினார். பின்னால் பாலத்து முனை முறிந்து விழுந்தது.

தங்கை புருஷன் படகில் நின்றார். கடைக்குட்டி இன்ஜினைக் கிளப்பியிருந்தான்.

"மாப்ளே, ரெண்டு பேரும் எறங்குங்க! தண்ணி இப்பவே வருது!"

"ஒரு மணி நேரம் இருக்கு மச்சான். கயித்த அவுத்து விடுங்க."

"கீழ தரையே போயிடுச்சுய்யா!"

"திரும்பி வந்து உங்க தரையத் தேடித் தரேன். இப்ப வழிய விடுங்க."

ஆழக்காரர் படகுக்குள் குதித்து, கிடந்த கட்டையை எடுத்து மாப்பிள்ளையின் தோளில் ஓங்கி அடித்தார். எலும்பு முறிகிற சத்தம் பாலத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது. சட்டையைப் பிடித்து மேலே இழுத்தார்.

"அண்ணே, உனக்குப் பைத்தியமா?" என்று கடைக்குட்டி ஸ்பானரால் அவர் முதுகில் விளாசினான். அவர் பிடியை விடவில்லை. "சரி, அவர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. படகை நான் காப்பாத்துறேன்" என்று கயிற்றை வெட்டிக்கொண்டு கிளம்பினான்.

அலறுகிற மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு ஆழக்காரர் ஐஸ் பேக்டரி மாடிப்படி ஏறினார். பாதிப் படியில் திரும்பிப் பார்த்தார். துறைமுகத்தில் தண்ணீரே இல்லை. படகுகள் சேற்றில் பக்கவாட்டாகக் கிடந்தன. இன்ஜின் விசிறிகள் காற்றில் சுற்றின. அடுத்த மூச்சுக்குள் கறுப்பாக ஒரு சுவர் எழுந்து வந்தது. தண்ணீர் என்று சொல்ல முடியாது. சேறும் கல்லும் பாலத்துத் தூண்களுமாக வந்தது. படகோடு படகு மோதி, நடுவில் மாட்டின ஆட்களை நசுக்கியது. ஆட்டம் நின்று ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

நாற்பத்தொரு பேர் போனார்கள். பக்கத்து ஊரில் கரையோரப் படிகூட சரியாக நனையவில்லை. நடுக்கம் எல்லோருக்கும் பொது. அலை எங்களுக்கு மட்டும்.

மூன்றாம் நாள் கடைக்குட்டியை இன்ஜினுக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். அத்தை மூத்தவர் முன்னால் வந்து நின்றாள்.

"ரெண்டு பேர் இருந்தாங்களேடா. உன் தம்பிய ஏன்டா விட்ட?"

"கைக்கு எட்டின ஆள இழுத்தேம்மா."

அத்தை அறைந்தாள். மறுபடி அறைந்தாள். மகள் தடுக்கவில்லை. மருமகன்தான் கட்டுப்போட்ட தோளோடு குறுக்கே வந்தார்.

"என்னை அடிங்க அத்தே. மச்சான் சொன்னதும் நான் எறங்கியிருந்தா அவனும் எறங்கியிருப்பான்."

முறிந்த தோள் என்றும் பார்க்காமல் அத்தை அவரையும் அடித்தாள்.