மணமக்களுக்கு வாத்துகள்

பேக்கரியில் அவளை எல்லோரும் ‘எழுத்தம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கேக்கின் மேல் க்ரீமால் பெயரும் வாழ்த்தும் எழுதுவது அவள் வேலை. அவள் எழுதிய கேக்கில் கத்தி வைக்க யாருக்கும் மனசு வராது. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் தலைக்கு ஏறித்தான் இருந்தது. ஏறட்டுமே, யார் வீட்டுக் கூரை இடிந்தது?

அப்படிப்பட்டவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. ஒரு கல்யாணக் கேக்கில் ‘ழ்’ கோணிப்போக, அதை மட்டும் வழித்தெடுத்தாள். பிழிந்து எழுதும் கோனில் புது க்ரீம் நிரப்பிக்கொண்டு வருவதற்குள் வண்டிக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பறந்துவிட்டார். மண்டபத்தில் திறந்து பார்த்தால், ‘மணமக்களுக்கு வாத்துகள்’!

கல்யாண வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

“இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, பெட்டி மடிக்கிற பக்கம் போயிடுங்கம்மா.”

அன்று வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பெட்டி மடிக்க எந்தக் கையும் போதும். எழுத அவள் கைதானே வேண்டும்!

டாக்டர் பார்த்துவிட்டு, நரம்பில் கோளாறு இல்லை, தோளும் கழுத்தும் கல்லாக இறுகிக் கிடக்கின்றன என்றார். பக்கத்து ஹாலில் நடக்கும் சிகோங் வகுப்புக்குப் போகச் சொன்னார். மூச்சோடு சேர்த்து உடம்பை மெல்ல அசைக்கும் சீனப் பயிற்சி அது. உள்ளே ஓடும் சக்தியை வளர்க்கும் என்பது செய்கிறவர்களின் நம்பிக்கை.

வீட்டிலும் செய்து பார்த்தாள். கணவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“இல்லாத பந்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறியே!”

“உங்க மேல போட மாட்டேன், பயப்படாம பேப்பர் படிங்க.”

ஆனால் அந்தப் பந்துதான் அவளுக்குப் பிடிபடவே இல்லை. கைகளுக்கு நடுவே பந்து இருப்பதாக நினைக்கச் சொன்னால், பழக்கதோஷம், விரல்கள் கோனைப் போல அதைப் பிழிந்தன. வகுப்பில் சொல்லித்தரும் பெண் அவளைவிடச் சின்னவள். பக்கத்தில் வந்து நின்றாள்.

“அக்கா, பிழியாதீங்க. மூச்சையும் புடிச்சு வச்சிருக்கீங்க பாருங்க. விடுங்க.”

எழுத்தம்மாவுக்குச் சுருக்கென்றது. ஓர் எழுத்து முடியும்வரை மூச்சை அடக்குவதுதான் தொழில் சுத்தம் என்று இத்தனை வருஷமாக நம்பியிருந்தாள். கல்யாண சீசனில் நாள் முழுக்க அப்படித்தான் ஓடும். பிறகு கை நடுங்காமல் என்ன செய்யும்?

விடாமல் வகுப்புக்குப் போனாள். சக்தி வந்ததோ இல்லையோ, தூக்கம் வந்தது. தோள் காதை விட்டு இறங்கியது.

அடுத்த கல்யாணக் கேக் வந்தது. முதலாளி பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார். அவள் பாதங்களை நன்றாக ஊன்றினாள். மூச்சை மெல்ல விட்டபடியே ‘வா’ போட்டாள். ‘ழ’வின் வளைவில் கை லேசாக ஆடியது. வழித்தெடுக்கவில்லை, நிறுத்தி, மூச்சு விட்டு, விரலைத் தளர்த்தினாள். க்ரீம் தானாக வளைந்து இறங்கியது. புள்ளி வைத்து, மீதியையும் எழுதி முடித்து நிமிர்ந்தாள்.

முதலாளி முகம் சிவந்து, கன்னம் உப்பி, சிலையாக நின்றிருந்தார்.

“எழுதியாச்சு முதலாளி,” என்றாள். “நீங்க மூச்ச விடுங்க.”