சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய கேள்விகள்

கம்பெனி பஸ்ஸில் வந்த தூக்கம் போல ஒரு தூக்கம் எனக்கு அதன்பிறகு வாய்க்கவில்லை. காலை ஷிஃப்ட் முடிந்து இரண்டரை மணிக்கு ஒரகடத்தில் ஏறினால், பஸ் ஊர் ஊராகச் சுற்றிச் சேரப்பணஞ்சேரியில் என்னை இறக்கிவிடும்வரை பாதித் தூக்கம், பாதிப் பாடம். மடியில் உயிரியல் புத்தகம் திறந்தே கிடக்கும். ஜன்னல் வெயிலில் லாரிகள் மிதந்து போகும். இதயத்தின் அறைகளும் சர்வீஸ் ரோட்டின் திருப்பங்களும் ஒன்றாகக் கலந்துபோய், வலது ஏட்ரியத்தில் இறங்க வேண்டியவள் இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கியிருக்கிறேன்.

பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளி. முடித்த கையோடு செல்போன் தயாரிக்கும் கம்பெனியில் சேர்ந்தேன். டாக்டர் ஆசை அம்மாவிடமிருந்து தொற்றியது. அம்மாவுக்குத் தண்டலம் பக்கம் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. உடல்களை அறுத்துப் படிக்கும் ஹாலைத் துடைப்பது அவள் பொறுப்பு. பிள்ளைகள் எல்லாம் போனபிறகு இவள் உள்ளே போவாள். உடல்கள் கெடாமலிருக்க ஊற்றும் ஃபார்மலினின் வாடை புடவையில் ஏறி, அவளுக்கு முன்னால் எங்கள் வீட்டுக்குள் வந்து நிற்கும். பிள்ளைகள் வேண்டாமென்று விட்ட பழைய கைடுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருவாள்.

"அந்தப் புள்ளைங்களுக்கு இன்னா, ரெண்டு மூளையா கீது? நீ படி," என்பாள்.

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவ இடங்களில் ஏழரை சதவீத ஒதுக்கீடு உண்டு. பக்கத்து வீட்டு அக்கா அதை வைத்தே என்னைக் கேலி செய்வாள்: "ஊருல எல்லாரும் ஏழரை வுட்டுப் போவணும்னு கோயிலுக்குப் போறாங்க. இவ மட்டும் ஏழரை வரணும்னு வேண்டிக்கினு கீறா!"

கம்பெனியில் என் வேலை நான்கு ஸ்க்ரூ. பெல்ட்டில் போன் வரும், முறுக்குவேன், போகும். ஒரு போனுக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடையாது. எல்லோருக்கும் நீலக் கோட்டு, தொப்பி, முகமூடி. கண்கள் மட்டும்தான் தெரியும். அந்த வெள்ளை வெளிச்சத்தில் வெளியே வெயிலா மழையா என்பதே மறந்துபோகும். லைனில் ஒரே சட்டம்: நிறுத்தாதே. ஸ்க்ரூ சரியாக உட்கார்ந்ததா என்று சந்தேகம் வந்தால் யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது. சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி அனுப்பிவிட வேண்டும். கடைசியில் ரீவொர்க் டேபிள் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் பிரித்துப் பார்த்துச் சரிசெய்வார்கள். போன் வராத நேரத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டும்.

அடுத்த மே மாதம் நீட் எழுதப் போனேன். வாசலில் உடம்பெல்லாம் தடவிச் சோதித்தபோது மற்ற பெண்கள் கலங்கினார்கள். எனக்கு அது தினமும் கம்பெனி கேட்டில் நடக்கிற கதை. உள்ளே உட்கார்ந்ததும் கை தானாக வேகம் பிடித்தது. ஏறக்குறைய கேள்விக்கு ஒரு நிமிஷம். தெரிந்ததற்கு விடைத்தாளில் வட்டத்தைக் கருப்பாக்கினேன். சந்தேகம் வந்தால் கேள்வித்தாளில் ஒரு புள்ளி, அடுத்தது. புள்ளி, அடுத்தது. கடைசிக் கேள்வி வந்தபோது நிறைய நேரம் மீதி இருந்தது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். மின்விசிறி சுற்றியது. வேப்பமரத்து நிழல் ஜன்னல் கம்பியில் ஏறி இறங்கியது. அவ்வளவு நிம்மதியாக நான் என்றைக்குமே உட்கார்ந்ததில்லை.

வாசலில் அம்மா நின்றிருந்தாள். "எல்லாம் எழுதினியா?"

"கொஞ்சம் டவுட்டா இருந்திச்சிம்மா. அப்பறம் பாத்துக்கலாம்னு வுட்டு..."

அங்கேயே என் வாய் நின்றது. முப்பதுக்கும் மேல் புள்ளிகள். ஒன்றுக்குக்கூட நான் திரும்பிப் போகவில்லை.

"அப்பறம் யாருடி பாப்பாங்க?" என்றாள் அம்மா. திட்டவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

பட்டியல் வந்தது. கொஞ்சத்தில் தவறிப்போனேன். என்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. பாடம் தெரியாமல் தோற்றிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். இது கைப்பழக்கத்தில் தோற்றது.

"இன்னும் ஒரே வருசம். அதுக்கு மேல உங்க அத்தை வூட்டுக்கு என்னால பதில் சொல்ல முடியாது," என்று அம்மா முடித்துவிட்டாள். அத்தை வீட்டில் மாப்பிள்ளை தயாராக இருந்தார்.

எங்கள் லைன் லீடர் தென்காசிப் பக்கத்துப் பெண், என்னைவிட இரண்டு வயது பெரியவள். ரீவொர்க் டேபிளுக்கு மாற்றச் சொல்லி அவளிடம் போய் நின்றேன்.

"ஒனக்கென்ன கோட்டியா? அங்க யாராவது கேட்டு வாங்கிப் போவாங்களாட்டி?" என்றாள். ஆனாலும் மாற்றிவிட்டாள்.

அந்த டேபிளில் பெல்ட் கிடையாது. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய போன்கள் ட்ரேயில் தூங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால், பாதிக்கு மேல் ஒரு குறையும் இருக்காது. ஸ்க்ரூ நன்றாகவே உட்கார்ந்திருக்கும். ஒட்டியவள் பயந்திருக்கிறாள், அவ்வளவுதான். நானும் பரீட்சையில் இதைத்தான் செய்தேன் என்று அங்கே உட்கார்ந்து புரிந்துகொண்டேன்.

மறு மே மாதமும் புள்ளி வைத்தேன். தொட்டில் பழக்கம் மாதிரிதான் லைன் பழக்கமும். கடைசிக் கேள்வி முடிந்ததும் கை மடிக்குப் போகப் பார்த்தது. விடவில்லை. முதல் புள்ளிக்குத் திரும்பினேன், பிறகு அடுத்ததற்கு. பாதிக்கு மேல் எனக்குத் தெரிந்த கேள்விகள். மணியடித்தபோது இரண்டே புள்ளிகள் மிச்சம் இருந்தன.

தெற்கே ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. போனில் வந்த உத்தரவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே அம்மா வேலைக்குக் கிளம்பினாள்.

முதல் நாள் டிசெக்‌ஷன் ஹாலில் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். ஒருத்தி வெளியே ஓடினாள். எனக்கு மட்டும் எங்கள் வீட்டுக் கதவு திறந்த மாதிரி இருந்தது. வகுப்பு முழுக்க ஒரு மயக்கத்திலேயே நின்றேன். முடிந்ததும் எல்லோரோடும் வெளியே வந்து, மரத்தடியில் நின்று அம்மாவை அழைத்தேன்.

"நாத்தம் தாங்க முடியலியா? மொத நாளு எல்லாரும் மூக்கப் பொத்திக்கினுதான் நிப்பாங்க."

"இல்லம்மா. நீ வேலை முடிஞ்சி வந்து பக்கத்துல நின்ன மாதிரி இருந்திச்சி."

அம்மா சட்டென்று, "க்ளவுஸக் கழட்டிக் கீழ போட்டுட்டு வந்துடாதீங்கடி. குனிஞ்சிப் பொறுக்கறதுக்குள்ள இடுப்பு வுட்டுப்பூடும். உன்னுத எங்க போட்ட?" என்றாள்.

என் கைகளைப் பார்த்தேன். எங்கே கழற்றிப் போட்டேன் என்றே நினைவில்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பி ஓடினேன். ஹாலுக்குள் ஒரு அம்மா வாளியை ஓரமாக வைத்துவிட்டு, என் மேஜைக்குக் கீழே குனிந்துகொண்டிருந்தார்.